நல்ல நாளில்தான் கவனம் வேண்டும்: சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் சோர்வை ரீயூனியனில் சமாளிப்பது எப்படி?

காய்ச்சல் விட்டு ஐந்தாம் மாதம். ஒரு சனிக்கிழமை காலை எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. தேங்கிக் கிடந்த வேலைகளையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று ஆசை. கடைத்தெருவுக்குப் போய் வந்தேன், திரைச்சீலைகளை அலசினேன், மாவு அரைத்தேன், மாலையில் கோவிலுக்கும் நடந்தே போனேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. திங்கள் காலையில் பல் துலக்கக் கையைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு துலக்கினேன். அந்த வாரம் முழுக்கப் படுக்கைதான்.

சனிக்கிழமை செய்ததற்குத்தான் திங்கட்கிழமை அனுபவிக்கிறேன் என்பது உடனே புரியவில்லை. இப்படி இன்னும் இரண்டு முறை விழுந்த பிறகே புரிந்தது. இந்தச் சோர்வில் மோசமான நாள் நம்மைப் படுக்கவைத்துக் காப்பாற்றிவிடும். நல்ல நாள்தான் ஆசை காட்டிக் கவிழ்க்கும். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நான் மருத்துவர் இல்லை. காரைக்காலில் பிறந்து, 2008இல் திருமணமாகி, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து, சேன்-ஆந்த்ரேயில் குடியிருப்பவள். சேன்-தெனியில் ஒரு துணிக்கடையில் வேலை. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து புதிதாக இங்கே வந்து, வந்த ஆண்டிலேயே சிக்குன்குனியாவில் மாட்டிக்கொண்டு, "காய்ச்சல் போய்விட்டது, ஆனால் நான் இன்னும் திரும்பி வரவில்லையே அக்கா" என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். டெங்கு, கோவிட், கடுமையான ஃபுளு ஆகியவற்றுக்குப் பின் வரும் சோர்வுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

இந்தத் தீவுக்கு இந்த நோய் புதிதல்ல. 2005–06இல் சுமார் 2,66,000 பேருக்கு வந்தது. அன்றைய மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். என் மாமியாரும் அதில் ஒருவர். அவர் அடுத்த ஓராண்டு முழுக்க "கை கால் என்னுடையதாகவே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 ஆகஸ்டில் நோய் மறுபடி தலைகாட்டியது. 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் எங்கு பார்த்தாலும் தேங்கிய நீர். தொற்று உச்சத்தில் இருந்த ஏப்ரலில் எனக்கும் என் கணவருக்கும் காய்ச்சல். ஒருமுறை வந்தால் எதிர்ப்புச் சக்தி நெடுங்காலம் நிற்கும் என்பதால் மாமியார் தப்பித்தார். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இப்போதாவது நம்புகிறாயா?" என்றார். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் படி: இது அந்தச் சோர்வுதானா?

மருத்துவர்கள் சிக்குன்குனியாவை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் 21 நாள் கடுமையான கட்டம். அதன் பிறகு மூன்றாம் மாத முடிவு வரை இடைக்கட்டம். மூன்று மாதம் தாண்டியும் வலியும் சோர்வும் விடவில்லையென்றால் நாள்பட்ட கட்டம். முதல் மூன்று வாரத்தில் வரும் சோர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். படுத்திருங்கள், தண்ணீர் குடியுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் வேண்டாம். ஒருவேளை அது டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு. பாராசிட்டமால் மட்டும், அதுவும் நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. முதியவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு, மருத்துவரைக் கேளுங்கள். பாராசிட்டமால் வலிக்குத்தான், சோர்வுக்கு அல்ல. "அசதியாக இருக்கிறது" என்று அதைப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றிரண்டு மாதம் கழித்தும் சோர்வு விட்டு விட்டு வந்தால், எல்லாவற்றையும் கொசுவின் தலையில் கட்டிவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள்: இரத்த அணுக்கள், இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், பி12. நம் ஆட்களுக்குச் சர்க்கரையைப் பார்க்காமல் விடவே கூடாது. இந்தத் தீவில் சர்க்கரை நோய் பிரான்ஸ் பெருநிலத்தைவிட மிக அதிகம். மாதவிலக்கு நின்றுபோகும் வயது வராத பெண்களுக்கு இரும்புச் சத்துச் சோதனை. குறட்டை விடுகிறவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்ற சோதனை. என் தோழி ஒருத்தி ஏழு மாதம் "சிக்குன்குனியா சோர்வு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசியில் தைராய்டு. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ஆள் மாறிவிட்டாள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், ஒரு பக்கம் பலவீனம் என்றால் காத்திருக்காமல் 15 என்ற அவசர மருத்துவ எண்ணுக்கு அழையுங்கள். காய்ச்சல் திரும்பி வருவது, காரணமில்லாமல் எடை குறைவது, ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து சூடாக வீங்குவது ஆகியவற்றை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தால் அதோடு நோயே இல்லை என்று ஆகிவிடாது. நான் முதலில் பார்த்த மருத்துவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா, வயதாகிறது இல்லையா" என்றார். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு. வேறு மருத்துவரிடம் போனேன். 2006 தொற்றில் விழுந்தவர்களை ஓரிரு ஆண்டு கழித்து இங்கே விசாரித்தபோது, நோய் வராதவர்களைவிட அவர்களிடம் மூட்டு வலியும் சோர்வும் தெளிவாக அதிகம் இருந்தன. கற்பனை என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள். என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம், எப்படித் தூங்கினீர்கள், மாலையில் சோர்வு பத்துக்கு எத்தனை. நாளுக்கு நான்கு வரி போதும். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

செவ்வாய்: கடையில் 4 மணி நேரம். திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை, நின்றேன். இரவு சமையல். சோர்வு 4.
புதன்: விடுப்பு. துணி மடித்தது மட்டும். சோர்வு 4.
வியாழன்: விடியும்போதே 8. தொண்டை கமறுகிறது, விரல்கள் மடங்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் வாயில் வரவில்லை.

புதன்கிழமையைப் பாருங்கள். ஒன்றுமே செய்யாத நாளுக்கு அடுத்து விழுந்திருக்கிறேன். அதனால்தான் காரணம் தெரியாமல் இத்தனை காலம் தவித்தேன். செய்த வேலையின் விளைவு பன்னிரண்டு மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை தாமதித்து வரலாம். நோட்டு இல்லாமல் இதைப் பிடிக்க முடியாது. களைத்த மூளைக்கு முந்தாநாள் நினைவில் இருக்காது.

இப்படித் தாமதித்துக் கவிழ்க்கிறதா என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும். கவிழ்க்கவில்லை, நடந்தால் அன்று களைப்பு, தூங்கினால் சரியாகிவிடுகிறது என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தினம் கொஞ்சம் நடையைக் கூட்டிக்கொண்டு போனாலே உடம்பு தேறும். கவிழ்க்கிறது என்றால் "முயன்றால் முடியாதது உண்டா" என்கிற பேச்சை மூட்டை கட்டி வையுங்கள். நாள்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சியை வாரம் வாரம் கட்டாயமாகக் கூட்டும் முறையை இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டலே 2021இல் கைவிட்டுவிட்டது. இங்கே சிலர் இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாம் படி: பத்துக் குடத்தில் எட்டு

காரைக்காலில் எங்கள் வீட்டுக் கிணற்றில் கோடையில் நீர் அடியில்தான் ஊறும். பத்துக் குடம் இறைத்தால் மாலைக்குள் மறுபடி ஊறிவிடும். பன்னிரண்டாம் குடத்தில் சேறு வரும். சேறு வந்துவிட்டால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். பாட்டி எட்டோடு கயிற்றைச் சுருட்டிவிடுவாள். நாங்கள் கருமி என்போம்.

நோட்டைப் பார்த்து, உங்களைக் கவிழ்க்காத ஒரு நாள் எப்படி இருந்தது என்று கண்டுபிடியுங்கள். அந்த அளவிலும் கொஞ்சம் குறைத்து அதையே தினமும் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல நாளானாலும் சரி. நல்ல நாளில் குறைத்துக்கொள்வதுதான் கடினம். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் பிடித்தது.

வேலையைக் களைப்பு வரும்வரை செய்து பிறகு ஓய்வெடுப்பது நம் பழக்கம். இங்கே தலைகீழ்: களைப்பு வருமுன் நிறுத்த வேண்டும். கைபேசியில் பதினைந்து நிமிட மணி வையுங்கள். அடித்தால் பாதிக் கத்தரிக்காய் நறுக்காமல் கிடந்தாலும் எழுந்து போய்ப் படுங்கள். ஓய்வு என்றால் திரையை மூடி, கண்ணை மூடி, தரையோடு தரையாகப் படுப்பது. சோபாவில் சாய்ந்து கைபேசியில் வீடியோ பார்ப்பது ஓய்வு இல்லை. ஊரிலிருக்கும் தங்கையோடு தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசுவதும் ஓய்வு இல்லை. என் நோட்டில் அதுதான் பல முறை குற்றவாளியாக அகப்பட்டது. பிரெஞ்சில் படிவம் நிரப்புவதும் அப்படித்தான். மூளை இறைக்கும் நீரும் அதே கிணற்று நீர்தான்.

சமையலறையில் ஒரு உயரமான ஸ்டூல் வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். நின்றபடி தாளிப்பதும் உட்கார்ந்தபடி தாளிப்பதும் இரண்டு வேறு வேலைகள். நறுக்குவதை முதல் நாள் மாலையில் மேசையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். அரிசிப் பானையைத் தூக்காமல், பாத்திரத்தை அடுப்பில் வைத்த பிறகு சொம்பால் நீர் ஊற்றுங்கள். சாம்பாரை இரண்டு நாளுக்குச் சேர்த்து வையுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வெதுவெதுப்பான நீர், தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு பெரிய வேலை கிடையாது. எழுந்து நின்றதும் தலை சுற்றி நெஞ்சு படபடக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். நின்றும் படுத்தும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். உப்பும் நீரும் கூட்டச் சொல்லும் அறிவுரை இதற்கு உண்டு. ஆனால் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது.

விழுந்துவிட்டால்? விழுவீர்கள். அன்றைக்குச் செய்ய வேண்டியது: அளவைப் பாதியாக்குங்கள், திரவம் குடியுங்கள், யாரிடமும் விளக்கம் சொல்லாதீர்கள். பழைய நிலை வந்து மூன்று நான்கு நாள் நின்ற பிறகே பழைய அளவுக்குத் திரும்புங்கள். கூட்டுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஐந்து நிமிடம். இரண்டு வாரம் பார்த்து, பிறகு அடுத்தது.

மூட்டு, குளிர், வெயில்

சிக்குன்குனியா என்ற பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழிச் சொல். உடல் வளைந்துபோவதைக் குறிப்பது. விடியற்காலையில் படியில் இறங்கிப் பார்த்தால் பெயர் வைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். காலையில் கட்டிலிலேயே விரல், மணிக்கட்டு, கணுக்காலை மெதுவாகச் சுழற்றிவிட்டு எழுங்கள். விரல் விறைப்புக்கு வெதுவெதுப்பான நீரில் கையை ஐந்து நிமிடம் வைத்திருப்பது எனக்கு உதவுகிறது. மருத்துவர் எழுதித் தந்தால் கினே, அதாவது இயன்முறை மருத்துவரிடம் போகலாம். "முந்தைய பயிற்சிக்குப் பிறகு இரண்டு நாள் எப்படி இருந்தது" என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மூட்டுக்கு அசைவு வேண்டும், சோர்வுக்கு ஓய்வு வேண்டும்; இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளிதான் இருக்கிறது. மூன்று மாதம் தாண்டியும் மூட்டு வீக்கம் இருந்தால் மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

"காற்று மாற" மலைமேல் இருக்கும் பிளேன் தே காஃப்ருக்குப் போய்த் தங்கச் சொல்வார்கள். போனேன். கொசு இல்லை, உண்மை. ஆனால் அந்தக் குளிரில் விரல்கள் கட்டைபோல ஆயின. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வெயில் காலத்தில் கடற்கரைப் பக்கம் வேறு விதக் களைப்பு. அந்த மாதங்களில் வெளி வேலைகளைக் காலை எட்டுக்குள் முடித்துக்கொள்கிறேன். சேன்-பியேர் பக்கம் இருப்பவர்கள் பவளப் பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடல்நீரில் நடக்கலாம். எங்கள் கிழக்குக் கரையில் அதற்கு வழியில்லை.

வேலையும் காகிதமும்

புதிதாக வந்தவர்கள் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் சுருக்கமாகவாவது சொல்கிறேன். கார்த் வித்தால், அதாவது மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் வந்ததும் உங்களுக்கென்று ஒரு மெத்சேன் திரெத்தான், அதாவது பொறுப்பேற்கும் குடும்ப மருத்துவரைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாமல் மருத்துவரைப் பார்த்தால் திரும்பக் கிடைக்கும் பணம் குறையும். அதைவிட முக்கியம், ஒரே மருத்துவர் மாதக்கணக்கில் பார்த்தால்தான் இந்தச் சோர்வு அவர் கண்ணில் படும். நோட்டைக் கொண்டுபோங்கள். "மிகவும் சோர்வாக இருக்கிறது" என்றால் தலையசைப்பார். "இரண்டு மணி நேரம் நின்றால் மறுநாள் எழ முடியவில்லை, இந்த மாதம் நான்கு முறை" என்றால் பேனாவை எடுப்பார்.

மருத்துவ விடுப்புத் தாளை 48 மணி நேரத்துக்குள் காப்பீட்டு அலுவலகத்துக்கும் முதலாளிக்கும் சேர்த்துவிட வேண்டும். தனியார் வேலையில் பொதுவாக முதல் மூன்று நாளுக்குக் காப்பீட்டுப் பணம் இல்லை. விடுப்பு 30 நாளைத் தாண்டினால், வேலைக்குத் திரும்பும் முன்பே பணியிட மருத்துவரைச் சந்திக்க நீங்களே கேட்கலாம். கேளுங்கள். முழு நேரமாகத் திரும்புவதற்குப் பதில், சிகிச்சைக் காரணமான பாதி நேர வேலை என்று ஒன்று உண்டு. மருத்துவர் எழுதித் தர வேண்டும், முதலாளி சம்மதிக்க வேண்டும், குறைந்துபோகும் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காப்பீடு ஈடுகட்டும். நான் அப்படித்தான் திரும்பினேன். பணியிட மருத்துவரின் குறிப்பில் என் பங்குக்கு இரண்டே வரி: கல்லாவில் உட்கார நாற்காலி, துணிச் சுருள் தூக்கும் வேலை இல்லை. நாற்காலி வர ஆறு வாரம் ஆனது. வந்த பிறகு மற்ற பெண்களும் முறை வைத்து உட்கார்ந்தார்கள்.

வீடும் கோவிலும்

வீட்டில் ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: "நான் சிரித்துப் பேசுவதை வைத்து உடம்பை அளக்காதீர்கள்." நான் என் கணவரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு மாதத்தில் தேறிவிட்டதால், எனக்கும் தேற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் வந்த நோய், இரண்டு உடம்பு. நான்கு பக்கம் படித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். அதற்குமேல் நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

ஊரிலிருந்து தொலைபேசியில் நிலவேம்புக் குடிநீர் வரும், இங்கே பக்கத்து வீட்டு கிரியோல் பாட்டியிடமிருந்து ஆயபானாக் கஷாயம் வரும். அன்போடு வருவதை மறுக்க மனம் வராது. சர்க்கரை மாத்திரையோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் குடிக்காதீர்கள். மற்றபடி முருங்கைக்கீரை இந்தத் தீவெங்கும் கிடைக்கிறது. இங்குள்ள கிரியோல் மொழியில் பெயரும் முருங்கு என்றே காதில் விழும். கறிவேப்பிலை கலுப்பிலே ஆகிவிட்டாலும் மணம் மாறவில்லை. சாப்பாட்டைச் சாதாரணமாக, வேளைக்கு வேளை சாப்பிடுங்கள். சோர்வை விரட்டும் தனி உணவு என்று எதையும் நான் கண்டதில்லை.

தைப்பூசம்தான் எனக்குச் சோதனை. இங்கே காவடிக்குப் பத்து நாள் விரதம், தினமும் கோவில், அதுவும் உச்சி வெயில் காலத்தில். சென்ற தைப்பூசத்துக்கு வழக்கமாகச் செய்யும் அன்னதானச் சமையலுக்குப் போகவில்லை. ஊர்வலத்தோடும் நடக்கவில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் முழுக்கப் படுத்திருந்து, கடைசி நாள் நிழலில் நாற்காலி போட்டு, காவடி உள்ளே வரும் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் இருந்தேன். அடுத்த இரண்டு நாளையும் காலியாக விட்டிருந்தேன். கோவிலில் ஒரு பெரியம்மா, "வேண்டுதலை இப்படியா செய்வது?" என்றார். பதில் சொல்லவில்லை, பேசுவதும் ஒரு குடம்.

கடைசியாகக் கொசு. எனக்குச் சிக்குன்குனியா மறுபடி வராமலிருக்கலாம், ஆனால் அதே வரிக் கொசுதான் டெங்குவையும் கொண்டுவருகிறது. தேங்கிய நீரில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகையால் பூந்தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இருபத்து மூன்று தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர வேண்டும். அது இப்போது மகன் வேலை, சனிக்கிழமை காலையில். மறந்துவிட்டால் படுக்கையிலிருந்தே குரல் கொடுப்பேன். அதற்கு மட்டும் தெம்பு குறைந்ததே இல்லை.